பிளக்கைப் பிடுங்கிய மாப்பிள்ளை

வேண்டாம், சாய்யுன். நூறு தடவை கேட்டாலும் என் பதில் அதுதான், அந்தப் பையன் வேண்டாம். நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று நாலாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமேல் நான் படிக்கவில்லை, ஆகையால் அதை மட்டும் மறக்கவில்லை. விசாரிக்கிறேன்: அன்புள்ள தங்கைக்கு, ஷென்ஜென், ஷாஜிங் சந்தைத் தெருவிலிருந்து அக்கா சாய்ஷியா எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி தேவலையா? உன் வீட்டுக்காரர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா, இல்லை வழக்கம்போலக் கோழிக்குப் போடுகிறாரா? மிளகாய் இந்த வருஷம் எப்படி? குவான்யின் தாயார் கருணையால் அங்கே எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகமில்லை. சரி, விசாரித்தாகிவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் அனுப்புகிற குரல் மெசேஜை நீ முற்றத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பாய். உன் காதுக்கு எட்டுவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்காரியின் காதுக்கு எட்டிவிடும். அதனால்தான் காகிதம். மிளகாய் லாரி ஓட்டுகிறவர் ஊருக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் பெண் வென்ஜிங் சனிக்கிழமை, வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வருவாள், அதற்குள் படித்து அடுப்பில் போட்டுவிடு. உறைக்குள் இன்னொரு காகிதம் இருக்கிறது, சிவப்பு மையில் விரல் ரேகை வைத்தது. அதைப் போட்டுவிடாதே. அது சாட்சி.

"அக்கா, பையன் அங்கதான் கம்பெனியில வேலை பாக்குறான், நீ ஒரு கண்ணு பாத்துச் சொல்லு, நீ சரின்னா புதுவருஷத்துக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்று நீ சொன்னபோதே எனக்குப் பிடிக்கவில்லை. பெற்ற பெண்ணின் வாழ்க்கையை இப்படிச் சூப் விற்கிறவள் தலையில் கட்டுவார்களா? ஆனாலும் ஒத்துக்கொண்டேன். எனக்குப் பிள்ளை இல்லை, வென்ஜிங்தான் பிள்ளை. அவளுக்கு ஒரு தப்பான இடம் அமைந்தால் மேலே போய்க் குவான்யின் தாயாரிடம் நான் என்ன சொல்வேன்?

உன் அத்தானின் நிலைமை உனக்குத் தெரியும். வயசுக் காலத்தில் இந்த ஊர்க் கட்டடங்களுக்கெல்லாம் அடியில் இறங்கிப் பாறை துளைத்தார். துளைத்த தூளெல்லாம் அவர் நெஞ்சுக்குள் போய் மறுபடி பாறையாகிவிட்டது. இப்போது கடையின் பின்மூலையில், சாமி பலகைக்குக் கீழே சாய்வு நாற்காலி, பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், மூக்கில் குழாய். ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தைதான் வரும். கல்யாணமான புதிதில் என்னைப் பேசவே விடமாட்டார். இப்போது நான் பேசுகிறேன், அவர் கேட்கிறார். இதைச் சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே.

என் கடையைச் சுற்றி நாலு பக்கமும் கரண்டு சிகரெட் கம்பெனி. உலகத்துக்கே இங்கிருந்துதான் போகிறதாம். போகட்டும், எனக்கென்ன? ஆனால் செய்கிறவர்கள் அத்தனை பேரும் மத்தியானம் என் கடைக்குத்தான் சாப்பிட வருகிறார்கள், அதைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். நெருப்பு சிகரெட் என்றால் ஒரு மரியாதை இருந்தது. பற்ற வைக்கும் முன் எதிரே இருப்பவருக்கு ஒன்று நீட்டுவார்கள், பெரியவர் இருந்தால் முதலில் அவருக்குப் பற்ற வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லவாவது நமக்கு ஒரு இடம் இருந்தது. இதை யாருக்கு நீட்டுவது? அவரவர் எச்சில் அவரவர் வாயில். கேட்காமல் இழுக்கிறார்கள், கேட்காமல் விடுகிறார்கள். என் சூப்பிலிருந்து எழும்பும் ஆவியோடு அது கலந்து, பன்றி எலும்புச் சூப் தர்ப்பூசணி வாசம் அடிக்கிறது. கடைக்குள் விடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. யார் கேட்கிறார்கள்? கட்டட முதலாளி வென் ஐயாவே கேட்கமாட்டார். எழுபது வயது. தினமும் வருவார், காலைத் தூக்கி ஸ்டூலில் வைப்பார், இழுப்பார்.

"வென் ஐயா, அங்க ஒரு மனுஷன் மூச்சுக்குப் போராடிக்கிட்டு இருக்காரு, கண்ணு தெரியுதில்ல?"

"இது புகை இல்ல முதலாளியம்மா. வெறும் ஆவி."

"ஆவியா? ஏழாம் மாசம் செத்தவங்க எல்லாரும் தெருவுல அலையிற நேரத்துல என் கடைக்குள்ள ஆவியைக் கூட்டிக்கிட்டு வர்றீங்களா?"

"லிச்சி வாசனை ஆவி. கடிக்காது."

சிரிக்கிறார்கள். கடை முழுக்கச் சிரிக்கிறது. அன்றைக்கே அட்டையில் எழுதி ஒட்டினேன்: 'புகை வேண்டாம். ஆவியும் வேண்டாம். உள்ளே நோயாளி. மேலே தாயார் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.' மறுநாள் அதற்குக் கீழே எவனோ பேனாவால் எழுதிவிட்டான்: 'ஊதுபத்தி மட்டும் பரவாயில்லையா?' எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே? அந்த நிமிஷமே ஊதுபத்தியை நிறுத்தினேன். முப்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் ஏற்றியவள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் அத்தானின் மூச்சுக்காக நான் சாமியிடமே கடுமை காட்டியவள், அப்படிப்பட்டவள் ஒரு பொடியனை விட்டுவைப்பேனா என்று நீ புரிந்துகொள்ளத்தான்.

இப்போது பையன் கதைக்கு வருகிறேன். பேர் லியாவ், எல்லாரும் சின்ன லியாவ் என்கிறார்கள். வந்தது என்றைக்குத் தெரியுமா? ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள்! முன்னோருக்குக் காகிதம் எரித்து வழியனுப்புகிற நாளில் பெண் விஷயமாக எவனாவது வாசல்படி மிதிப்பானா? கேட்டால், "அன்னிக்கு மட்டும்தான் பெரியம்மா லீவு குடுத்தாங்க" என்கிறான். சரி, போகட்டும் என்று விட்டேன். கையில் என்ன கொண்டுவந்தான் என்று பார்த்தேன். முதல்முதல் பெண் வீட்டுக்கு வருகிறவன் இரண்டு பெட்டி சிகரெட், ஒரு ஜோடி மது பாட்டில் கொண்டுவர வேண்டாமா? இவன் ஒரு பை பேரிக்காயும், பிளாஸ்டிக் உறையில் என்னமோ குழாயும் கொண்டுவந்தான்.

"என்ன தம்பி இது?"

"மூக்குக் குழாய், பெரியம்மா. சிலிக்கான். பெரியப்பாவுக்குப் பழசு காதுக்குப் பின்னால அறுக்கும்னு வென்ஜிங் சொன்னா. இது அறுக்காது."

"சிகரெட் எங்க?"

"பெரியப்பாவுக்கு முன்னால சிகரெட்டை வெக்கிறது..." என்று இழுத்தான்.

"அவரு பிடிக்கலேன்னா என்ன, மரியாதைன்னு ஒண்ணு இல்ல? மாப்பிள்ளையா வர்றவன் மூக்குக் குழாயோட வருவானா? நாளைக்குக் கல்யாணத்துக்கு ஊசியும் பஞ்சுமா வருவே?"

தலையைக் குனிந்துகொண்டான். நீ சொல்லு சாய்யுன், நான் கேட்டதில் என்ன தப்பு? உன் அத்தான் அந்தக் குழாயை வாங்கி மாட்டிக்கொண்டு, "மெத்துன்னு... இருக்கு" என்றார். அவர் எல்லாவற்றையும் மெத்தென்று இருக்கிறது என்று சொல்கிறவர்.

அப்புறம் கட்டைவிரல் பருமனில் அவனுடைய கரண்டு சிகரெட்டை எடுத்தான். இதோ ஆரம்பிக்கிறான் என்று கரண்டியோடு திரும்பினேன். இழுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, மூலையில ஒரு பாயிண்ட் காலியா இருக்கு, இதைச் சார்ஜ் போட்டுக்கலாமா?" என்று கேட்டான். நான் அடுப்பில் பதினொரு கிண்ணத்துக்கு நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தேன், அந்த மூலையைப் பார்க்காமலே "போடு, போடு" என்றேன். நான் சொன்னதை மறைக்கவில்லை. ஆனால் போடு என்றால் போடுவதுதானே? பிடுங்கு என்று அர்த்தமா?

இழுக்க வேண்டும் என்றபோது அவன் வெளியே போனான், அதையும் சொல்லிவிடுகிறேன். சாக்கடை ஓரமாக, காற்று கடைப் பக்கம் வராத திசையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வேறொன்றை இழுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தான். நல்லவன் என்றால் இவ்வளவு மறைப்பானா? வென் ஐயா என்னதான் இருந்தாலும் முகத்துக்கு நேராக விடுகிறார்.

வேலை என்ன என்று கேட்டேன். வாய் பார்க்கிற வேலையாம். ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை எடுத்து இழுத்து, மாம்பழம் மாம்பழமாக இருக்கிறதா, புதினா புதினாவாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டுமாம். காலை எட்டிலிருந்து சாயங்காலம் வரை. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வைத்தேன். நம் ஊர் மிளகாய், நீ அனுப்பியதுதான், நாலு கரண்டி போட்டுக்கொண்டான். மூக்கில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு, பெரியம்மா."

"உப்பு போட மறந்துட்டேன், தம்பி."

கிண்ணத்தைக் கீழே வைத்தான். "சூடு தெரியுது" என்றான். "ரெண்டு வருஷமா சூடு மட்டும்தான் தெரியுது."

இருபத்தாறு வயது. நாக்கு செத்துவிட்டது. நம் வென்ஜிங் ஆசையாகச் சமைத்துப்போட்டால் இவனுக்கு அதுவும் வெந்நீரும் ஒன்றுதான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் பொறுக்கக்கூடியதில்லை. மணி பன்னிரண்டரை இருக்கும், கூட்டம் நெரிகிறது. கீ கீ கீ என்று ஒரு சத்தம். வீட்டுக்குச் சாப்பாடு கேட்கிறவர்களின் ஆர்டர் வந்தால் என் போனும் அப்படித்தான் கத்தும். "ஆர்டர் வந்திருக்கு, இரு இரு" என்று போனைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, மூன்றாம் மேசைப் பெண்ணிடம் போனேன். அவள் கிண்ணத்துக்கு மேலேயே குனிந்து தர்ப்பூசணி ஆவி விட்டுக்கொண்டிருந்தாள். விட்டேனா? "உங்க வீட்டுல இப்படித்தான் சோத்து மேல ஊதுவாங்களா? உங்கம்மா உன்னைப் பெத்தாளா, கொசு மருந்து அடிக்கிற மெஷினைப் பெத்தாளா?" என்று ஆரம்பித்து, ஒழுக்கம், பொதுஇடம், முன்னோர், அடுத்த பிறவி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தனை நேரமும் கீ கீ கீ. "இந்த ஆர்டர்க்காரனுக்கு என்ன அவசரம்!" என்று அதையும் திட்டினேன்.

சின்ன லியாவ்தான் எழுந்தான். "பெரியம்மா, அது போன் இல்ல. பெரியப்பா உதடு நீலமா இருக்கு."

அவ்வளவுதான் தெரியும் எனக்கு. அவன் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினான், நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி. அங்கே போனால் லிஃப்டுக்கு முன்னால் கும்பல், நாலு மாடியையும் படியிலேயே ஏறினான். மேலே போய் அவரைக் கட்டிலில் போட்டதும் இவன் தரையில் உட்கார்ந்துவிட்டான், முழங்காலுக்கு நடுவே தலை. ஒரு நர்ஸ் அவருக்கு ஆக்சிஜன் வைத்தாள், இன்னொரு நர்ஸ் இவனைப் பார்த்துவிட்டு இவனுக்கும் வைத்தாள். பாறை துளைத்த கிழவனும் மாம்பழம் இழுத்த பையனும் பக்கத்தில் பக்கத்தில் குழாயோடு. யாருடைய நெஞ்சு அதிகமாகக் கரகரக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடையாள அட்டை கேட்டார்கள், எடுக்கக் கடைக்கு ஓடினேன். அப்போதுதான் பார்த்தேன். மெஷினுடைய கறுப்பு பிளக் தரையில் கிடக்கிறது. சுவரில், அதன் இடத்தில், அவனுடைய வெள்ளைச் சார்ஜர். பச்சை விளக்கு எரிகிறது. கரண்டு சிகரெட்டுக்கு வயிறு நிறைந்துவிட்டது, என் வீட்டுக்காரருக்கு மூச்சு இல்லை! அந்த மெஷினுக்குள் சின்ன பேட்டரி இருக்கிறதாம், கரண்டு இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரம் தாங்குமாம், அது தீர்ந்துதான் கத்தியிருக்கிறது என்று மெஷின் விற்றவன் அப்புறம் சொன்னான். கத்தியது, நான் கேட்கவில்லை, அதற்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம். ஆனால் பிடுங்கியவன் யார்?

சார்ஜரைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் காட்டிக்கொண்டே போனேன், தெரு முழுக்கப் பார்த்தது.

"இது என்னடா?"

"என் சார்ஜர், பெரியம்மா."

"கறுப்பு பிளக்கை ஏன்டா புடுங்கினே?"

"நான் புடுங்கல. காலியாத்தான் இருந்துச்சு. உங்களைக் கேட்டுட்டுத்தானே போட்டேன்."

"தாயார் தலைக்கு மேல நிக்கிறா, பொய் சொல்லாதே!"

"காலியாத்தான் இருந்துச்சு, பெரியம்மா."

நான் விடவில்லை. கத்தினேன், அழுதேன், சுவரில் முட்டிக்கொண்டேன். உன் அத்தானுக்கு மூச்சு மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டது. விரலைத் தூக்கி என் பக்கம் நீட்டினார், ஆட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று கொடுத்தேன். குடிக்கவில்லை. மறுபடி என்னைக் காட்டினார். பையன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனே தன் மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"சரி, பெரியம்மா. நான்தான் புடுங்கினேன். தெரியாம பண்ணிட்டேன். சத்தம் போடாதீங்க, அவருக்கு ஆகாது."

கேட்டாயா? அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான்! அப்போதே காகிதம் வாங்கி, பள்ளிக்கூடத்தில் தப்பு செய்த பிள்ளை எழுதுவதுபோலத் தவறு ஒப்புதல் எழுத வைத்தேன். 'பொது இடத்தில் பிறர் பொருளைக் கவனிக்காமல் எனது மின்சிகரெட்டுக்காக' என்று நான் சொல்லச் சொல்ல எழுதினான், ரேகை வைத்தான். அதுதான் உறைக்குள் இருப்பது. கையெழுத்து அழகாக இருக்கும், அதில் மயங்கிவிடாதே.

மறுநாள் கம்பெனி வாசலுக்கும் போனேன். வேலை முடிந்து ஆயிரம் பேர் வெளியே வரும் நேரம் பார்த்து, உரக்கப் படித்துக் காட்டினேன். மேஸ்திரி வந்து கையெடுத்துக் கும்பிட்டான். இப்போது வெளிநாட்டில் அவர்களுக்கு இன்னொரு கம்பெனி இருக்கிறதாம், அங்கே ஆள் கேட்கிறார்களாம், இவன் பேர் கொடுத்துவிட்டானாம். வருகிற சனிக்கிழமை கிளம்புகிறான், மூன்று வருஷம். போவதற்கு முன் வந்து வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. "வென்ஜிங்கிட்ட நானே சொல்லிக்கிறேன் பெரியம்மா, நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். எனக்கு இஷ்டமில்லேன்னு சொல்லிடுறேன்" என்றான். பெரிய மனசு மாதிரி! அவள் அழுதால் அழட்டும், சாய்யுன். ஒரு மாதம் அழுவாள். இவனைக் கட்டிக்கொண்டால் ஆயுள் முழுக்க அழ வேண்டும்.

உன் அத்தான் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். முன்பெல்லாம் வருஷக் கணக்கில் பேசிய டாக்டர் இப்போது மாதக் கணக்கில் பேசுகிறார். மூன்று வார்த்தை இரண்டாகிவிட்டது. நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல... பையன்" என்றார். மூளைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று நர்ஸைக் கூப்பிட்டேன்.

ஆகவே தங்கையே, கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிடு. தப்பு எல்லாம் அவன் மேல், ஆதாரம் உன் கையில். குவான்யின் தாயார் உன் வாசலில் நின்று காக்கட்டும், வென்ஜிங்குக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை அமையட்டும், உன் வீட்டுக்காரர் மாத்திரையை விழுங்கட்டும், கோழிகளும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும் அக்கா,
சாய்ஷியா

பின்குறிப்பு: லாரிக்காரர் வாசல்ல ஹாரன் அடிக்கிறாரு. உறையை ஒட்டிட்டேன், அதனால அதோட முதுகுல எழுதுறேன். இன்னிக்கு எட்டாம் மாசம் மொதல் நாள். தாயாருக்கு விளக்கு வெக்கப் போனேன். ஊதுபத்திக்குப் பதிலா போன மாசம் ஒரு கரண்டுத் தாமரை விளக்கு வாங்கினேன், அதைச் சொல்ல மறந்துட்டேன். மாசத்துல மொதல் நாளும் பதினஞ்சாம் நாளும் மட்டும் எடுப்பேன். அதைத் தூக்கிக்கிட்டு அந்த மூலைக்குப் போனா, கை தானா அந்தப் பாயிண்ட்டுக்குப் போகுது, அதுல இருக்கிற எதையோ புடுங்கப் பாக்குது. அங்க புடுங்க ஒண்ணும் இல்ல. கை அப்படியே நின்னுடுச்சு, சாய்யுன். போன பதினஞ்சாம் நாள் காலையில பத்தரை மணிக்கு, அவன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, இதே விளக்கைப் போடத்தான் கறுப்பு பிளக்கைப் புடுங்கினேன். கும்பிட்டு முடிச்சு விளக்கைக் கழட்டி டப்பாவுல வெச்சேன். பிளக்கைத் திரும்ப மாட்டல.